வாரிசுப் பெயருக்குத் துப்பாக்கி உரிமம் மாற்றுகிறீர்களா? முதலில் போர், காலிபர் விவரங்களைச் சரிபாருங்கள்

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காட்டோர ஊர்களில், உரிமத்தோடு வாங்கிய பழைய துப்பாக்கி இருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. பெரியவர் காலமானதும் அதை மகன் பெயருக்கோ மகள் பெயருக்கோ மாற்ற வேண்டிவரும். என் மாமனாரின் துப்பாக்கியை மைத்துனர் பெயருக்கு மாற்ற நான்தான் அலைந்தேன். கோப்பு மாதக்கணக்கில் நின்றது. காரணம் ஒன்றே ஒன்று. உரிமப் புத்தகத்தில் ‘12 போர் டிபிபிஎல்’ என்று இருந்தது. டிபிபிஎல் என்பது இரட்டைக் குழல் வகை. வாங்கிய கடை ரசீதில் ‘12 காலிபர்’. போர், காலிபர் இரண்டும் குழலின் உள்ளளவைச் சொல்லும் வெவ்வேறு முறைகள். தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரசீதில் ‘ரைபிள்’. மூன்றும் ஒரே துப்பாக்கியைத்தான் சொல்கின்றன. ஆனால் கோப்பைப் பார்க்கிற அலுவலருக்கு அவை மூன்று வெவ்வேறு ஆயுதங்கள். அவர் அப்படிப் பார்ப்பது சரியும்கூட.

ஆகவே மனு எழுதும் முன் உங்கள் துப்பாக்கியை எப்படிப் பெயர் சொல்லி எழுதுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். அலைச்சலில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரை அதற்கானது அல்ல. படைக்கலச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் காவல்துறையும் வனத்துறையும், தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று ஊர் ஊராக அறிவித்ததுண்டு. அப்படி அறிவிப்பு வந்தால் ஊர்ப் பெரியவர்களோடு போய்க் கொடுத்துவிடுங்கள். அதற்குள் ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது.

1. துப்பாக்கியை உடனே ஒப்படையுங்கள்

உரிமம் இறந்தவர் பெயரில் இருந்தது. அவர் போன பிறகு வீட்டில் இருக்கும் யாருக்கும் அதை வைத்திருக்க அதிகாரம் இல்லை. ‘காரியம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று பெட்டியில் பூட்டி வைப்பதுதான் பலரும் செய்வது. 1959 படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. மிச்சமிருக்கும் தோட்டாக்களுக்கும் இது பொருந்தும். பரணிலும் பீரோவிலும் தேடி எடுத்துச் சேர்த்தே கொடுங்கள்.

பழக்கமில்லாதவர்கள் அதைத் திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதென்றே நினைத்துக்கொண்டு, குழல் யார் பக்கமும் திரும்பாமல் கையாளத் தெரிந்தவரை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டால் எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள்.

ஒப்படைக்கும்போது தருகிற ரசீதுதான் பின்னால் முக்கிய ஆவணம். நிலைய ரைட்டர் அவசரத்தில் ‘துப்பாக்கி 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உரிமப் புத்தகத்தைக் காட்டி வகை, போர், தயாரிப்பு, வரிசை எண் நான்கையும் எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒப்படைத்துத் திரும்ப வாங்குகிறவர்களும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எங்கள் கோப்பில் சிக்கல் தொடங்கிய இடம் அப்படிப்பட்ட ரசீது ஒன்றுதான்.

2. புத்தகத்தில் இருக்கும் நான்கெழுத்தைப் படியுங்கள்

உரிமப் புத்தகத்தில் ஆயுத விவரம் என்ற கட்டத்தில் ஆங்கிலச் சுருக்கம் ஒன்று இருக்கும். முதல் இரண்டு எழுத்து எத்தனை குழல் என்று சொல்கிறது. அடுத்த இரண்டு எழுத்து எந்தப் பக்கம் நிரப்புவது என்று சொல்கிறது.

எஸ்பிபிஎல் என்றால் ஒற்றைக் குழல், பின்பக்கம் மடக்கித் திறந்து தோட்டா போடுவது. டிபிபிஎல் என்றால் இரட்டைக் குழல், அதேபோல் பின்பக்கம் போடுவது. எஸ்பிஎம்எல் என்றால் ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்தும் ரவை என்கிற சிறு உருண்டைகளும் கெட்டிக்கும் பழைய வகை. டிபிஎம்எல் அதன் இரட்டைக் குழல்.

மூன்றாவது எழுத்து ‘பி’யா ‘எம்’மா என்பதில் கவனம் வேண்டும். பழைய கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சட்டம் முதலில் அனுமதிப்பது வாய் வழியாகக் கெட்டிக்கும் வகையைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு வகை. ஆகவே இந்த ஒரு எழுத்து மாறினால் உரிமத்தின் நோக்கமே கேள்விக்குள்ளாகிறது. கட்டணமும் ஆயுத வகையைப் பொறுத்தே மாறும்.

இந்த நான்கு வகையும் ரைபிள் அல்ல. ரைபிள் என்றால் குழலின் உள்சுவரில் திருகாணிபோல் சுழலும் வரிப்பள்ளங்கள் இருக்கும். அவைதான் ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன. நம் வீட்டு இரட்டைக் குழல் துப்பாக்கியின் உள்சுவர் வழவழப்பாக இருக்கும். ஒரு தோட்டாவுக்குள் பல ரவைகள். தோளில் வைத்துச் சுடுவதையெல்லாம் ‘ரைபிள்’ என்று சொல்வது பேச்சில் பரவாயில்லை, காகிதத்தில் கூடாது. சட்டத்தில் இரண்டும் வேறு வேறு வகை.

3. ‘12’ என்பது அங்குலமும் அல்ல, மில்லிமீட்டரும் அல்ல

நம் ஊரில் ‘12 போர்’ என்பார்கள். அமெரிக்கத் தயாரிப்புப் பெட்டியில் ‘12 கேஜ்’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 453.6 கிராமை, 12 சம உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் 37.8 கிராம் வரும். அந்த உருண்டை சரியாக நுழைகிற குழல்தான் 12 போர். அதன் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர்.

அதே பவுண்டை 16 ஆகப் பிரித்தால் உருண்டை சிறிதாகிறது, குழலும் சிறிதாகிறது. 16 போர் 16.8 மில்லிமீட்டர், 20 போர் 15.6 மில்லிமீட்டர், 28 போர் 14 மில்லிமீட்டர். ஆக எண் ஏற ஏறக் குழல் குறுகும். ‘20 என்றால் 12ஐ விடப் பெரியது’ என்று கடையில் ஒருவர் உறுதியாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அது தவறு.

ரவைக்கும் இதே தலைகீழ்க் கணக்குதான். 4ஆம் எண் ரவையைவிட 6ஆம் எண் ரவை சிறியது. எல்ஜி, எஸ்ஜி என்று எழுத்தில் வருபவை மிகப் பெரியவை. எல்ஜி ரவை ஒன்றின் விட்டம் சுமார் 9 மில்லிமீட்டர். தோட்டாவின் மேல் ‘12’, ‘70’, ‘4’ என்று மூன்று எண்கள் இருக்கலாம். முதலாவது போர், இரண்டாவது தோட்டாவின் நீளம், மூன்றாவது ரவை எண். இந்த மூன்றில் எதையோ ஒன்றைப் பார்த்துத் துப்பாக்கி விவரத்தில் எழுதிவிடுகிறார்கள்.

4. புள்ளி வைத்தால் காலிபர்

காலிபர் நேரடியான அளவு, பெரும்பாலும் அங்குலத்தில். .22 என்றால் 0.22 அங்குலம், சுமார் 5.6 மில்லிமீட்டர். .315 ரைபிள் என்றால் 8 மில்லிமீட்டர். இங்கே எண் ஏறினால் குழலும் பெரிதாகும்.

முன்னால் இருக்கிற புள்ளி போனால் எல்லாம் போயிற்று. .32 என்பது ரிவால்வர், பிஸ்டல் அளவு. புள்ளியை விட்டு ‘32’ என்று பதிந்தால் அது 32 போர் ஆகிவிடும். ஷாட்கனில், அதாவது ரவை சுடும் வழவழக் குழல் துப்பாக்கியில், அப்படி ஒரு அளவு உண்மையிலேயே உண்டு. கணினியில் ஏற்றும்போது இந்தப் புள்ளி விழுந்துவிடுவது சாதாரணம். அச்செடுத்துத் தருவதை அங்கேயே நின்று படியுங்கள்.

ஷாட்கன்களில் ஒன்று மட்டும் காலிபரில் வழங்குகிறது: .410. அதன் குழல் சுமார் 10.4 மில்லிமீட்டர். அதை ‘410 போர்’ என்று பேசுவது வழக்கம். எழுதும்போது புள்ளியோடு .410 என்றே எழுதுங்கள்.

.32 எண்ணிலேயே இன்னொரு சிக்கல். .32 ரிவால்வருக்குப் போடும் தோட்டா வேறு, 7.65 மில்லிமீட்டர் என்றும் சொல்லப்படும் .32 பிஸ்டலின் தோட்டா வேறு. உரிமத்தில் ‘.32’ என்று மட்டும் இருந்தால் போதாது, ரிவால்வரா பிஸ்டலா என்பதும் இருக்க வேண்டும். சுழலும் உருளையில் தோட்டா போடுவது ரிவால்வர். கைப்பிடிக்குள் மேகசின் செருகுவது பிஸ்டல்.

ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: .177, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதும், 20 ஜூல் அளவைத் தாண்டிய ஆற்றலுள்ளதும் உரிமத்துக்குள் வரும். ‘ஏர்கன்தானே’ என்று .22 அளவில் வாங்கிவிடாதீர்கள்.

5. இரும்பில் என்ன பொறித்திருக்கிறது?

இதுதான் எங்களுக்கு வழி திறந்த இடம். துப்பாக்கி கடையில் ஒப்படைக்கப்பட்டிருந்தால் அங்கிருக்கும் மெக்கானிக்கிடம் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் இருந்தால் விவரம் தெரிந்தவர் முன்னிலையில் பார்க்க அனுமதி கேளுங்கள். மடக்கித் திறக்கும் துப்பாக்கிகளில் குழலின் பின்முனைக்குக் கீழே தட்டையான பகுதி ஒன்று உண்டு. மூடியிருக்கும்போது வெளியே தெரியாது. தயாரித்த நாட்டின் சோதனை முத்திரைகள் எல்லாம் அங்கேதான்.

அங்கே ‘12’ மட்டும் இருக்காது. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கியாக இருந்தால் ‘13’க்குக் கீழ் ‘1’ என்று பின்னம்போல் ஒன்று தெரியலாம். அது 13 போர் அல்ல. குழலின் நுணுக்கமான உள்ளளவு 0.719 அங்குலம் என்பதைக் குறிக்கும் குறி. துப்பாக்கி 12 போர்தான். ஐரோப்பியத் தயாரிப்பில் ‘18.4’, ‘18.5’ என்று மில்லிமீட்டரில் இருக்கும். அதுவும் அதே செய்திதான். இவற்றை அப்படியே போர் என்று எழுதியதால் திரும்பி வந்த மனுக்கள் உண்டு.

வெர்னியர் காலிப்பரைக் குழலின் வாயில் வைத்து அளந்து பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். பல குழல்கள் வாய்ப்பக்கம் சற்றுக் குறுகியிருக்கும், ரவை சிதறாமல் போவதற்காக. சோக் என்பார்கள். முழு சோக் உள்ள 12 போரின் வாய் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும். அதை வைத்து 14 போர் என்று முடிவுக்கு வந்துவிடலாம்.

வரிசை எண்ணைப் பொறுத்தவரை, குழல், உடல், குழலுக்குக் கீழே உள்ள கைப்பிடிக் கட்டை மூன்றிலும் பாருங்கள். நல்ல தயாரிப்புகளில் மூன்றிலும் ஒரே எண் இருக்கும். ஜோடியாக விற்ற துப்பாக்கியில் ‘1’ அல்லது ‘2’ என்று தனியாக ஒரு எண் பெரிதாக இருக்கும். அது வரிசை எண் இல்லை. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் எப்போதோ குழல் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைக் கடிதமாக எழுதி நீங்களே முன்னதாகத் தெரிவிப்பது நல்லது.

குழலின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழக் குழல் துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிடுகிறது. குழலை அறுத்துக் குட்டையாக்குவது தனிக் குற்றம்.

6. உயிர் போகும் தவறு இங்கேதான்

காகிதத் தவறு நேரத்தைத்தான் தின்னும். தோட்டாத் தவறு ஆளையே கொல்லும்.

20 போர்த் தோட்டா 12 போர்த் துப்பாக்கிக்குள் போனால் அது பின்பக்கம் நிற்காது. உள்ளே வழுக்கிக் குழலில் கொஞ்ச தூரம் போய் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்ப்பவருக்குக் காலியாகத் தெரியும். ‘தோட்டா போடவில்லை போலிருக்கிறது’ என்று சரியான 12 தோட்டாவை அதன் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை இருக்கும் இடத்திலேயே. இதைத் தவிர்க்கவே பல நாடுகளில் 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். பழைய டப்பாவில் கலந்து கிடக்கும் தோட்டாக்களை நிறத்தை நம்பிப் பிரிக்காதீர்கள். பித்தளை அடியில் பொறித்த எண்ணைப் பாருங்கள். சந்தேகமானவற்றையும் காகித உறை ஊதியவற்றையும் ஒப்படைத்துவிடுங்கள்.

அடுத்தது நீளம். பழைய 12 போர்த் துப்பாக்கிகள் பலவற்றின் சேம்பர், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம், 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். தோட்டாவின் நீளம் என்பது சுட்ட பின் வாய் விரிந்த நிலையில் அளப்பது. மடித்த நிலையில் 70 தோட்டா 65 சேம்பருக்குள் சிரமமில்லாமல் போய்விடும். ‘உள்ளே போகிறதே, சரிதான்’ என்று யாரும் ஏமாறலாம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் 65, 70, 76 என்று என்ன இருக்கிறதோ அதையோ அதற்குக் குறைந்ததையோ மட்டும் போட வேண்டும். எதுவும் இல்லையென்றால் மெக்கானிக் அளந்து சொல்லும்வரை சுடவே வேண்டாம்.

7. ஆவணம், செலவு, காலம்

உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். 2016 படைக்கல விதிகளின்படி தனிநபர் மனு ஏ-1 படிவத்தில். வாரிசுக்கு மாற்ற, உரிமதாரர் இறந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே மாற்றலாம். வீட்டில் பெரியவர் நல்ல நிலையில் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். அவர் கையெழுத்தும் நினைவும் இருக்கும்போது வேலை சுலபம்.

சேர்க்க வேண்டியவை: அசல் உரிமப் புத்தகம், ஒப்படைத்த ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைப் பத்திரம், ஆதார், முகவரிச் சான்று, 21 வயது முடிந்ததற்குச் சான்று, புகைப்படங்கள், எஸ்-3 படிவத்தில் மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைப்பேன் என்ற எஸ்-2 உறுதிமொழி, எஸ்-1 பயிற்சிச் சான்று. மனுதாரர் பெயரில் ஏற்கெனவே எத்தனை துப்பாக்கி என்பதும் கணக்கு. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டுதான், பரம்பரைச் சொத்தும் இதற்குள் அடக்கம்.

வாரிசுச் சான்றை முதலில் தொடங்குங்கள். இ-சேவை மையத்தில் பதிந்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போய் வர நாளாகும். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் வாரிசுகளிடம் கையெழுத்து வாங்குவதுதான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. வாரிசுகள் எல்லாரும் ஊரில் கூடும் நாளிலேயே நோட்டரியை வரவழைத்துவிடுங்கள்.

உரிமக் கட்டணம் ஆயுதத்துக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. அலுவலகம் எழுதித் தரும் தொகையை மட்டும் கட்டி, செலுத்திய சீட்டின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நோட்டரி, மருத்துவச் சான்று, நகல்கள், பஸ் செலவு இவைதான் மற்றவை. ‘முடித்துத் தருகிறேன்’ என்று வருகிற இடைத்தரகர் கையில் அசல் புத்தகத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

விதிப்படி காவல்துறை 30 நாளில் அறிக்கை தர வேண்டும். அது வந்தபின் 60 நாளில் ஆட்சியர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம், மேல்முறையீடும் உண்டு. மனு கொடுத்த நாளின் முத்திரையோடு ஒரு நகல் உங்களிடம் இருந்தால்தான் இந்த நாள் கணக்கைச் சொல்லிக் கேட்க முடியும்.

விவரம் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தால் ஒளிக்காதீர்கள். ‘கீழ்க்கண்ட மூன்று ஆவணங்களும் ஒரே ஆயுதத்தைக் குறிப்பவை’ என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, குழலின் அடிப்பக்கப் புகைப்படத்தையும், துப்பாக்கிக் கடை லெட்டர்ஹெட்டில் வாங்கிய விவரக் குறிப்பையும் இணையுங்கள். வரிசை எண் மூன்றிலும் ஒன்றாக இருப்பதை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். எங்கள் கோப்பு அதன் பிறகுதான் நகர்ந்தது.

8. உரிமம் கைக்கு வந்த பிறகு

முதலில் யுஐஎன் என்ற தனி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத உரிமம் செல்லாது. அடுத்து, செல்லும் எல்லை. ‘தமிழ்நாடு’ என்று மட்டும் இருந்தால் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழையக் கூடாது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர்க் கடை பக்கம்தான், ஆனால் அது வேறு மாநிலம். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் உரிமத்திலேயே இருக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடையில் பதிவு போடச் சொல்லுங்கள்.

பயிர்ப் பாதுகாப்பு என்று உரிமத்தில் எழுதியிருப்பதால் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று நினைக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் பட்டியலில் இருக்கிறது. மயிலும் யானையும் முதல் அட்டவணையில். உரிமம் உள்ள துப்பாக்கியால் சுட்டாலும் வழக்கு வரும், உரிமமும் போகும். வயல் சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள்.

உரிமம் இப்போது 5 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்கும் மனுவை முடியும் தேதிக்கு 60 நாள் முன்பே கொடுக்க வேண்டும். அந்த மனுவிலும் வகை, போர், தயாரிப்பு, வரிசை எண் நான்கையும் புதிய புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி உட்பட, பார்த்து எழுதுங்கள்.